கால் துள்ளினால் போதுமா? பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டிலேயே நடையைக் கவனிப்பது எப்படி

"டாக்டர் சுத்தியலால தட்டினதும் கால் எப்படித் துள்ளுச்சு தெரியுமா பாப்பா! அப்ப கால்ல உசுரு இருக்கு. பிறகு ஏன் நடக்க வரல?"

கேரளத்து இடுக்கி மலையில் வண்டிப்பெரியாறு, பாம்பனார், குமுளிப் பக்கத்து லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீட்டுக்குப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பாப்பா என்பது நான்தான், பிசியோதெரபிஸ்ட். அம்மா இங்கே கொழுந்து எடுத்தவர். அதனால் எனக்கு நரை விழுந்த பிறகும் லயத்துப் பெரியவர்களுக்கு நான் பாப்பாதான்.

கேள்விக்குப் பதில் இதுதான். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுவது எல்லோருக்கும் உண்டு. அதைச் செய்ய மூளை தேவையில்லை, முதுகுத்தண்டே போதும். சதைக்குள் இருக்கும் சிறு உணர்வான் சதை திடீரென்று நீளுவதைக் கண்டு தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து "சுருங்கு" என்று உடனே பதில் வருகிறது. கெண்டைக்கால் சதையில் இந்தப் போக்குவரத்து முழுவதும் ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். இதைத்தான் அனிச்சை என்கிறோம், டாக்டர்கள் ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். மூளையின் வேலை இந்த அனிச்சையை அடக்கி ஆள்வது. பக்கவாதத்தில் மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை அடிபட்டால் அந்தப் பிடி தளர்கிறது. முதல் சில நாட்களில், சிலருக்கு வாரக்கணக்கில், கால் துணி மாதிரித் தொங்கும். அப்புறம் மெல்ல மெல்ல அனிச்சை தலைதூக்கி, அளவை மீறிப் போகும். அந்த உற்சாகத் துள்ளல் அதன் அடையாளம்தான். நடப்பதற்குத் துள்ளல் உதவாது. நடக்கும்போது அனிச்சை எந்த நேரத்தில் வேலை செய்கிறது, எந்த நேரத்தில் சும்மா இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றியதுதான்.

நடையில் அனிச்சைக்கும் நேரம் உண்டு

நாம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையில் நிற்கிறது, 40 சதவீத நேரம் காற்றில் வீசுகிறது. பாதம் தரையில் படும்போது கெண்டைச்சதையின் அனிச்சை அடங்கி இருக்கும். உடம்பு பாதத்துக்கு மேலே முன்னேற முன்னேற அது கூடிக்கொண்டே வரும். குதிகால் தூக்கித் தள்ளுகிற கட்டத்தில் உச்சம். கால் தரையை விட்டதும் கிட்டத்தட்ட அணைந்துவிடும். அணையாவிட்டால் என்ன ஆகும்? காற்றில் இருக்கும் பாதத்தை மேலே தூக்க முன்னங்கால் சதை இழுக்கும்போது பின்னால் கெண்டைச்சதை நீளும். அந்த நீட்சிக்கு அனிச்சை பதில் கொடுத்தால் பாதம் மறுபடி கீழே குத்தும், பெருவிரல் தரையில் தட்டும்.

இந்த அனிச்சையை மின்தூண்டலால் அளக்கும் முறைக்கு எச் ரிஃப்ளெக்ஸ் என்று பெயர். 1910இல் அதை விவரித்த ஜெர்மானியர் பால் ஹோஃப்மன். எச் என்பது அவர் பெயரின் எழுத்து. நடக்கும்போது இந்த அனிச்சை ஏறி இறங்குவதை 1986இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கப்படே, ஸ்டைன் இருவரும் அளந்து காட்டினார்கள். அதே ஆள் சும்மா நிற்கும்போது இருக்கும் அனிச்சையைவிட நடக்கும்போது குறைவு என்பதும் அதில் தெரிந்தது.

குமுளி செக்போஸ்ட்டை வைத்துச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரிகிறது. குறுக்குக் கம்பம் தேவையான நேரத்தில் ஏறி, தேவையான நேரத்தில் இறங்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு கம்பம் தூக்கியபடியே நிற்கிறது. எந்த வண்டியையும் நிறுத்துவதில்லை. காலை வீசும் நேரத்தில் அடங்க வேண்டிய கெண்டை அனிச்சை அடங்குவதில்லை. முன்சதை வேலை செய்யும்போது பின்சதையைச் சும்மா இருக்கச் சொல்லும் ஏற்பாடு ஒன்று தண்டுவடத்திலேயே உண்டு. அதுவும் பலரிடம் பலவீனமாகிவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் கணுக்கால் கட்டை போல நிற்கும்.

தோலிலிருந்து வரும் அனிச்சையும் உண்டு. நல்ல காலோடு நடக்கும்போது புறங்கால் ஒரு கல்லில் இடித்தால் நாம் யோசிப்பதற்கு முன்பே முழங்கால் மடங்கிக் கால் மேலே போய்விடும். தேயிலைத் தூர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றையடிப் பாதையில் நாளெல்லாம் நடந்தவர்கள் கீழே விழாமல் இருந்தது இதனால்தான். பக்கவாதத்தில் இது அடியோடு அழிவதில்லை. பலரிடம் இருக்கிறது, ஆனால் அளவும் நேரமும் மாறியிருக்கும். தடுக்கினால் கால் மடங்குவதற்குப் பதில் விறைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல கால் என்று நாம் நம்பும் மறு காலின் அனிச்சையிலும் சிறு மாற்றம் இருக்கும். அதனால் "அந்தக் கால் ஸ்ட்ராங்கு, விடு" என்று முழு நம்பிக்கை வேண்டாம்.

ஃபைலில் உள்ள எண்ணை நம்பி உட்காராதீர்கள்

டிஸ்சார்ஜ் ஃபைலில் "எம்.ஏ.எஸ். 1+" அல்லது "2" என்று எழுதியிருப்பார்கள். சதை இறுக்கத்தைச் சொல்லும் மாற்றியமைத்த ஆஷ்வொர்த் அளவு. போஹானன், ஸ்மித் இருவரும் 1987இல் திருத்தியது. 0, 1, 1+, 2, 3, 4 என்று போகும். நோயாளி படுத்திருக்க, வேறொருவர் காலை மடக்கி நீட்டி, எவ்வளவு எதிர்ப்பு என்று கையால் உணர்ந்து போடும் எண் அது. பயனுள்ளதுதான். ஆனால் படுக்கையில் 2 இருப்பவர் ஓரளவு நன்றாக நடப்பதும், 1 இருப்பவர் ஓரடிக்கு மேல் வைக்க முடியாமல் தவிப்பதும் எனக்குப் பழகிப்போன காட்சி. படுத்திருக்கும் காலில் எடை இல்லை, விழுவோமோ என்ற பயம் இல்லை, காலம் தவறினால் நஷ்டமும் இல்லை. அதோடு, நடை கெடுவதற்குப் பெரிய காரணம் பலரிடம் பலவீனம்தான், இறுக்கம் அதற்கு அடுத்ததுதான். எல்லாவற்றையும் இறுக்கத்தின் தலையில் கட்டினால் வைத்தியம் திசைமாறும்.

ஆகவே நடையைப் பாருங்கள். அதற்கு மெஷின் வேண்டாம், செல்போன் போதும்.

எப்படிப் பார்ப்பது

முதலில் சமதரை கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் மலையில் அதுவே பெரிய வேலை. லயத்து முன்வாசல் சிமெண்டுத் தளம், கோயில் முற்றம், பள்ளிக்கூடத்து வராண்டா, ஏதாவது ஒன்று. 10 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். கோட்டுக்கு 2 மீட்டர் முன்னாலேயே நடக்கத் தொடங்கி, 2 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தொடக்கத்துத் தயக்கமும் நிறுத்தும்போது வரும் தடுமாற்றமும் கணக்கில் வரக்கூடாது. வழக்கமான வேகம், வழக்கமான கைத்தடி. கோட்டுக்குக் கோடு எத்தனை நொடி என்று பாருங்கள். 25 நொடிக்கு மேல் ஆனால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே. பெரும்பாலும் வீட்டுக்குள் நடமாடுவதோடு சரி. 12 அல்லது 13 நொடிக்குள் வந்தால் 0.8 மீட்டரை நெருங்குகிறார். கடைக்கும் டிஸ்பென்சரிக்கும் தனியே போய் வரும் நிலை. "முன்னைக்கு இப்ப பரவாயில்ல" என்று சொல்வதைவிட இந்த நொடிக் கணக்கை மாதம் ஒரு முறை நோட்டில் எழுதி வைப்பது நூறு மடங்கு மேல்.

பிறகு வீடியோ. போனை முழங்கால் உயரத்தில் வைத்துப் பாதித்த காலின் பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் அதில் எடுங்கள். பார்க்க வேண்டியவை இவை:

பாதத்தில் எது முதலில் தரையைத் தொடுகிறது? குதிகால் தொட்டால் நல்லது. முன்பாதம் முதலில் பட்டால் உடம்பின் எடை இறங்கும்போது கெண்டைச்சதை வெடுக்கென்று நீள்கிறது. அடங்காத அனிச்சை அங்கேதான் பாய்கிறது. உடனே இரண்டில் ஒன்று நடக்கும். குதிகால் தரைக்கு வராமல் எம்பிக்கொண்டே இருக்கும், அல்லது குதிகால் தரைக்கு வர, முழங்கால் பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் வளைவதைக் குடும்பத்தார் "கால் நல்லா ஊனுறார்" என்று நினைப்பார்கள். அப்படியே விட்டால் முழங்கால் மூட்டு பின்னால் தளர்ந்து வலி எடுக்கும்.

தொடையின் முன்சதையையும் பாருங்கள். கால் தரையை விட்டதும் முழங்கால் மடங்க வேண்டும். மடங்காமல் கால் கம்பு மாதிரி வந்தால் அந்தச் சதை வீச்சு நேரத்திலும் விடாமல் பிடித்திருக்கிறது. அதைச் சமாளிக்கத்தான் அவர் இடுப்பை ஒரு பக்கம் தூக்குகிறார், காலை வெளியே அரைவட்டமாகச் சுற்றிக் கொண்டுவருகிறார். "சுத்தி வைக்காதீங்கப்பா, நேரா வைங்க" என்று மகன் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். சுற்றாவிட்டால் பெருவிரல் இடித்து விழுந்துவிடுவார். சுற்றுவது அவருடைய தந்திரம். முதலில் முழங்கால் மடங்க வழி செய்யுங்கள், சுற்றல் தானாகக் குறையும்.

பாதம் உள்பக்கம் திரும்பி அதன் வெளி விளிம்பில் நிற்கிறதா, விரல்கள் சுருண்டு தரையைப் பற்றுகின்றனவா என்பதைப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் பாருங்கள். குளிர்ந்த சிமெண்டில் வெறுங்காலோடு நடந்தால் சிலருக்கு இது கூடும்.

மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை

வீட்டுச் சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. நோயாளியைப் படுக்க வைத்து முழங்காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, மறு கையால் முன்பாதத்தை முகம் நோக்கி மிக மெதுவாகத் தள்ளுங்கள். எவ்வளவு தூரம் வருகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் விட்டு, அதே அசைவை ஒரே ஒரு முறை வேகமாகச் செய்யுங்கள்.

மெதுவாகத் தள்ளும்போது முழுதாக வந்து, வேகமாகத் தள்ளும்போது பாதியில் "டக்" என்று பிடித்தால் அது அனிச்சையின் வேலை. வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடுவதுதான் இதன் குணம். மெதுவாகத் தள்ளினாலும் அதே இடத்தில் நின்றால் சதையே குட்டையாகிவிட்டது. அதற்கு அனிச்சையை அடக்கும் மாத்திரையோ ஊசியோ பெரிதாகப் பலன் தராது. நீண்ட நேர நீட்டல், கணுக்கால் பட்டை, சில சமயம் அறுவை சிகிச்சை என்று வேறு வழி. இரண்டும் கலந்திருப்பவர்களே அதிகம். எது எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தால் டாக்டரிடம் பேச்சு சுருக்கமாக முடியும். கெண்டைக்கால் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

வேகமாகத் தள்ளிப் பிடித்தபடி இருந்தால் சிலருக்குப் பாதம் கிடுகிடுவென்று தாளம் போடும். நொடிக்கு 5 முதல் 7 தடவை. குளோனஸ் என்பார்கள். வலிப்பு வந்துவிட்டது என்று பயந்து எனக்கு இரவில் போன் செய்தவர்கள் உண்டு. ஆள் நினைவோடு பேசிக்கொண்டிருந்து பாதம் மட்டும் ஆடினால் பெரும்பாலும் இதுதான். இது அதிகம் வருவது எங்கே தெரியுமா? ஜீப்பில். தோட்டத்து ரோட்டில் ஜீப் குலுங்க, இடம் போதாமல் முன்பாதத்தை மட்டும் ஊன்றி உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு குலுக்கலும் கெண்டைச்சதையை ஒரு இழுப்பு இழுக்கும். குதிகாலைத் தரையில் முழுதாகப் பதித்து, முழங்காலின் மேல் கையால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். முன்சீட்டில் காலை வைக்க இடம் விட்டு உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

மேடு, பள்ளம், படிக்கட்டு

சமதரையில் நன்றாக நடப்பவர் லயத்துப் படியில் தடுமாறுவார். மேட்டில் ஏறும்போது கணுக்கால் கூடுதலாக மடங்க வேண்டும். கெண்டைச்சதை அதிகம் நீள்கிறது, அனிச்சைக்கு அதுவே அழைப்பு. சிறு சிறு அடியாக, குதிகால் தரையில் படும் நீளத்துக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். கைத்தடி எப்போதும் நல்ல கையில்.

சரிவைக் குறுக்கே வெட்டிப் போகும் பாதைதான் இங்கே அதிகம். பாதித்த கால் மேட்டுப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கத் தரை உயரம், பெருவிரல் சீக்கிரம் தட்டும். பள்ளப் பக்கம் இருந்தால் வீசுவதற்கு இடம் கிடைக்கும், ஆனால் விழுந்தால் பள்ளத்தில்தான். எந்தப் பக்கமானாலும் துணைக்கு வருபவர் பள்ளப் பக்கமாக, அரை அடி பின்னால் வரட்டும். இடுப்பில் ஒரு தடித்த துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். சமதரையில் துணை நிற்க வேண்டியது பாதித்த பக்கம்.

மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து கம்பூட்ஸ், அதாவது உயரமான ரப்பர் பூட்ஸ், போட்டுவிடுகிறார்கள். அதன் எடை போதும், வீசும் காலைக் கீழே இழுக்க. ஹவாய் செருப்பும் வேண்டாம். நழுவாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், அந்தப் பிடி கால் முழுக்க விறைப்பைக் கூட்டும். பின்பக்கம் வார் உள்ள, அடி சறுக்காத, எடை குறைந்த செருப்பு அல்லது ஷூ. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை, ஏ.எஃப்.ஓ. என்பார்கள், எழுதிக் கொடுத்திருந்தால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அது பாதத்தைக் கீழே தொங்க விடாது. குதிகால் முதலில் படும், கெண்டைச்சதை வெடுக்கென்று நீளாது. கழற்றியதும் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் பட்டையைச் சரிசெய்ய வேண்டும்.

அனிச்சையைத் தூண்டிவிடும் வில்லன்கள்

நேற்று வரை ஒழுங்காக நடந்தவர் இன்று கால் விறைத்து நிற்கிறார் என்றால், காலை விட்டுவிட்டு மற்ற உடம்பைப் பாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த நகம், இறுக்கமான வார், காய்ச்சல், வலி. உணர்ச்சி குறைந்த காலில் நகம் குத்துவது அவருக்கே தெரியாது, தண்டுவடத்துக்குத் தெரியும். நீண்ட நாள் நோயாளிகளைக் கவனிக்கப் பஞ்சாயத்திலிருந்து பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வரும் ஊர்களில் இந்தப் பட்டியலை அவர்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கேரளத்தில் இருக்கும் நல்ல ஏற்பாடுகளில் அது ஒன்று. தமிழ்நாட்டில் கம்பம் ஊர்ப் பக்கத்து உறவுக்காரர்கள் பொறாமைப்படுவார்கள்.

குளிரும் ஒரு காரணம். மார்கழி விடியலில் நடைப்பயிற்சி தேவையில்லை. வெயில் ஏறி வாசல் காய்ந்த பிறகு போதும்.

அவசரமும் பயமும் அடுத்தது. "தூக்கு, தூக்கு, காலைத் தூக்கு!" என்று இரண்டு பக்கமும் ஆள் நின்று கத்தினால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்வார். அந்த முயற்சியே உடம்பு முழுக்க இறுக்கத்தைக் கூட்டும். அனிச்சை நொடியின் சிறு துளி நேரத்தில் வந்து போகிறது. உங்கள் சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், காலுக்குத் திரும்பும் முன் அந்த அடி முடிந்துவிடும். ஒருவர் மட்டும் பேசுங்கள், ஒரே ஒரு சொல்: "குதிகால்". இல்லாவிட்டால் கையைத் தட்டித் தாளம் கொடுங்கள். தாளத்துக்கு நடந்தால் அடிகள் சீராவதைப் பலரிடம் காணலாம். தாளம் அவருடைய இயல்பு வேகத்திலிருந்து தொடங்கட்டும், உங்கள் அவசரத்திலிருந்து அல்ல.

தினமும் செய்ய

சுவரில் கைகளை ஊன்றி, பாதித்த காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் பதித்து நிற்பது. ஆட்டாமல், எம்பாமல், மெதுவாக. ஆட்டி ஆட்டி நீட்டினால் நாமே அனிச்சையைத் தூண்டுகிறோம். நடைக்கு முன் இது நல்ல தயாரிப்பு. ஆனால் நீட்டல் மட்டும் செய்து யாரும் நடை கற்றதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது. இரண்டு குதிகாலும் தரையில், பாதித்த பாதம் ஒரு விரற்கடை பின்னால். அப்போதுதான் எடை அந்தக் காலில் விழும். முடியாவிட்டால் நாற்காலியின் மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேசையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஒரு செங்கல் உயரப் பலகையில் வைத்து எடுப்பது. வேலை செய்வது தரையில் நிற்கும் பாதித்த கால்தான். முழங்கால் பின்னால் பூட்டாமல், இம்மியளவு மடங்கி நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள்.

அப்புறம் நடை, நடை, நடை. சதையைப் பலப்படுத்தினால் இறுக்கம் கூடிவிடும் என்ற பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பலம் கூட்டும் பயிற்சியால் இறுக்கம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. தயங்காமல் செய்யுங்கள். களைத்து நடை குலையும்போது நிறுத்தி உட்கார வையுங்கள்.

உழிச்சல், அதாவது எண்ணெய் தேய்த்து உருவும் வைத்தியம், பற்றிக் கேட்காத வீடு இந்தப் பக்கம் இல்லை. எண்ணெய் தேய்ப்பதற்கு நான் எதிரி இல்லை. மெதுவான, நீண்ட தேய்ப்பு பலருக்கு இதமாக இருக்கிறது, தூக்கம் வருகிறது. காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து நெட்டி எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மேலே சொன்ன வேகச் சோதனையை ஐம்பது தடவை செய்வதற்குச் சமம் அது. எண்ணெயின் சூட்டை நல்ல பக்கத்துத் தோலில் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் தெரியாது. வீங்கிச் சூடான கெண்டைக்காலைத் தேய்க்கவே கூடாது.

மாத்திரையும் ஊசியும்

பாக்லோஃபென், டிசானிடின் போன்றவை இறுக்கத்தைக் குறைக்கும், கூடவே தூக்கக் கலக்கத்தையும் பலவீனத்தையும் கொடுக்கலாம். பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, ஆபத்து. மலையில் மாத்திரை தீர்ந்து, கீழே போய் வாங்க ஆளில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு உள்ளது மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். போட்டுலினம் ஊசி குறிப்பிட்ட சதைக்கு மட்டும் போடுவது, பலன் சுமார் 3 மாதம். அந்த 3 மாதமும் பயிற்சியைத் தீவிரமாகச் செய்தால்தான் காசு வீணாகாது.

ஒன்றைக் கவனியுங்கள். சிலர் அந்த விறைப்பை வைத்துத்தான் நிற்கிறார்கள். தொடைச்சதையில் பலம் இல்லை, இறுக்கம்தான் முழங்காலைத் தாங்குகிறது. அதைக் கரைத்துவிட்டால் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுவார். அதனால் "இறுக்கத்தைக் குறைங்க டாக்டர்" என்று கேட்பதற்கு முன் வீடியோவைக் காட்டி, "இவருக்குக் குறைத்தால் நடை நன்றாகுமா?" என்று கேளுங்கள்.

புதிதாக முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது, கால் திடீரென்று துவண்டு போவது வந்தால் இந்தக் குறிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். கேரளம், தமிழ்நாடு இரு மாநிலத்திலும் அதே எண்தான். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம், சி.டி. ஸ்கேன் பார்க்காமல் அதைப் போட மாட்டார்கள். கே.கே. ரோட்டில் கோட்டயம் பக்கம் இறங்குவதா, கம்பம் வழியாகத் தேனிப் பக்கம் இறங்குவதா என்று அந்த நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்க முடியாது. உங்கள் லயத்திலிருந்து ஸ்கேனும் அந்த ஊசியும் இருக்கும் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் சீக்கிரம் என்று இன்றைக்கே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

மற்றபடி வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போது நொடிக் கணக்கு எழுதிய நோட்டு, இரண்டு வீடியோ, இரு மாநிலத்து ஃபைல்களும், மாத்திரை அட்டையும் எடுத்துப் போங்கள். வீடியோவை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் முகம் வேண்டாம், இடுப்புக்குக் கீழே போதும். வேட்டியோ சேலையோ முழங்காலுக்கு மேல் இருக்கும்படி மடித்துக் கட்டிவிட்டு எடுங்கள். பாதம் தெரியாத நடை வீடியோவை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.